மாத்தளைத் தென்வானும் அல்பா சென்ரோரியும்

கிரேக்க, உரோம எழுத்தாளர் ஈழம் பற்றிக் கூறியன அனைத்தையும் மெய்யெனக் கொள்வார் இன்றும் உளர். கிளோடியசு பேரரசன் காலத்தில் (கி.பி. 41–54) உரோமுக்குச் சென்ற தப்புரோபனேத் தூதுவர், சப்தரிஷி மண்டலத்தையும் கார்த்திகை மீன்களையும் புதிய வானொன்றிற் கண்டாற்போல வியந்தனர் எனப் பிளினி எழுதினார். இத்தீவின் மாலுமிகள் விண்மீன்களை நோக்காது, பறவைகளைப் பறக்கவிட்டுக் கரை காண்பர் என்பதும் அவர் கூற்றே. முன்னதை மாத்தளையில் நிற்கும் எவரும் மறுக்கலாம். ஏறத்தாழ 7½ பாகை வட அகலக்கோட்டில் அமைந்த அவ்வூரிலிருந்து சப்தரிஷி மண்டலம் நன்கு தெரியும். கார்த்திகையோ உச்சிக்கு அணித்தாகச் செல்லும். தென்மீன்களுள் அகத்தியத்தைப் பிளினி சிறப்பித்துரைத்தார். அவ்விடத்தில் அவர் கூறாது விட்ட மீனொன்றே ஈண்டு நம் பொருள்.

வைகாசி இரவுகளில் தெற்கு நோக்கி நின்றால், தென்சிலுவைக்கு இடப்புறமாக இரு பெருமீன்கள் தோன்றும். சிலுவைக்குச் சேய்மையிலுள்ளது அல்பா சென்ரோரி. வெறுங்கண்ணுக்கு ஒன்றாயினும் அது ஞாயிற்றின் இனத்து முதன்மைத் தொடர் விண்மீனொன்றும் அதனிற் சிறியதொன்றும் சேர்ந்த இரட்டை, 4.4 ஒளியாண்டளவு தொலைவினது. மாத்தளையில் அது அடிவானத்துக்கு மேல் 22 பாகையளவே உயர்கின்றது. முன்னர் இவ்வாறன்று. வட்டகாமணி அபயன் ஆட்சியில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்றதாக மரபு கூறும் அலுவிகாரையில், அந்நாளில் அது 30 பாகைக்குக் குறையாது உயர்ந்திருத்தல் வேண்டும். அயனசலனத்தால் நேர்ந்த மாற்றம் இது. தொலமி தம் பட்டியலிற் சேர்த்த அம்மீன் இன்று அவர் வாழ்ந்த அலெக்சாந்திரியாவில் உதிப்பதேயில்லை.

1689 டிசம்பரில், சீயத்துக் கலகத்தின் பின் புதுச்சேரிக்கு வந்திருந்த இயேசு சபைத் துறவி இரிச்சோ, வால்வெள்ளியொன்றைத் தொலைகாட்டியால் நோக்குகையில் இம்மீன் இரண்டாதலைக் கண்டார். தமிழ் நிலத்தில் நிகழ்ந்த கண்டுபிடிப்பு. ஆயினும் தமிழர் கண்டுபிடிப்பன்று. 1832, 1833ஆம் ஆண்டுகளில் நன்னம்பிக்கை முனையில் இதன் இடமாறு தோற்றத்தை அளந்த எண்டர்சன், முடிவை வெளியிடத் தாமதித்தமையால், 1838இல் வேறொரு மீனின் தொலைவை அறிவித்த பெசலுக்கு முதன்மையை இழந்தார். எண்டர்சனின் எண் உண்மை அளவினும் பெரிது. எனினும் அவர் வழி சரியே. பின்னர்ச் சென்னையில் யேக்கப்பும், மாநிலக் கல்லூரியின் முதல் தலைவரான பவெலும் இவ்விரட்டையின் சுற்றுப்பாதையைக் கணிக்க முயன்றனர். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 80 ஆண்டு செல்லுமென்பதை இன்று அறிவோம்.

ஐரோப்பியர் பலர்க்குத் தம் ஊரிற் காணவே இயலாத மீனிது. நம் முன்னோர்க்கோ ஆண்டுதோறும் தலைகாட்டியது. இதனைக்கொண்டே அவர் யாவும் அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசுதல், பிளினியின் கூற்றைப் போன்றே சான்றற்றது. காணுதல் வேறு, அளந்து குறித்து வைத்தல் வேறு. பிந்தியதற்குக் கருவியும் ஊதியமும் பயிற்சியும் வேண்டும். சென்னை அவதான நிலையத்தில் இவை ஓரளவு வாய்த்த நம்மவர் ஒருவரை நோக்குக. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரி, 1867இல் ஆர் ரெற்றிக்குலி என்னும் ஒளிமாறு மீனைக் கண்டறிந்தார். பின்னர்த் திருக்கணித முறையிற் பஞ்சாங்கமும் வெளியிட்டார். அவர் கண்ட மீனும் தென்கோடி வானத்ததே. சென்னையில் அது 14 பாகைக்கு மேல் எழுவதில்லை. மாத்தளையில் 19 பாகைக்குச் சற்று மேல் வரும்.