தொலைமருத்துவம்: கிராம நோயாளிக்குச் சட்டம் எதை உறுதி செய்கிறது?

புதுடெல்லி: இந்தியாவில் தொலைமருத்துவத்துக்கெனத் தனிச் சட்டம் இல்லை. நடப்பில் உள்ள சட்ட அடிப்படை, 2020 மார்ச் 25 அன்று, அதாவது நாடு தழுவிய ஊரடங்கின் முதல் நாளில், மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்களே ஆகும். இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு தொழில் நெறி விதிமுறைகளில் இவை 5-வது பிற்சேர்க்கையாக இணைக்கப்பட்டன.

அதற்கு முன்னர் நிலைமை தெளிவற்றதாக இருந்தது. 2018-இல், மருத்துவர் நேரில் இல்லாத நிலையில் தொலைபேசி வழியாகச் சிகிச்சை பெற்ற பெண் உயிரிழந்த வழக்கில், மருத்துவத் தம்பதியருக்கு முன்ஜாமீன் வழங்க மும்பை உயர் நீதிமன்றம் மறுத்தது. தொலைபேசியில் மருந்து சொல்வதே குற்றமாகிவிடுமோ என்ற அச்சம் மருத்துவர்களிடையே அப்போது பரவியது.

புதிய விதிகளின்படி, பதிவு பெற்ற மருத்துவர் நாட்டின் எப்பகுதியில் உள்ள நோயாளிக்கும் காணொலி, குரல் அழைப்பு, குறுஞ்செய்தி ஆகியவற்றின் மூலம் ஆலோசனை வழங்கலாம். எது போதுமானது என்பதையும், நேரில் வரச் சொல்ல வேண்டுமா என்பதையும் மருத்துவரே முடிவு செய்வார். நோயாளி தாமாக அழைத்தால் ஒப்புதல் அளித்ததாகவே கருதப்படும். சுகாதாரப் பணியாளர் அல்லது மருத்துவர் தொடங்கினால் வெளிப்படையான ஒப்புதல் தேவை. செயற்கை நுண்ணறிவுத் தளங்கள் தாமாக மருந்து பரிந்துரைக்க அனுமதி இல்லை.

மருந்துகளில்தான் கட்டுப்பாடு இறுக்கமானது. காய்ச்சல் மாத்திரை போன்ற பொதுவான மருந்துகளை எந்த வழியிலும் பரிந்துரைக்கலாம். ‘ஏ’ பட்டியல் மருந்துகளை முதல் ஆலோசனையிலேயே எழுத வேண்டுமானால் காணொலி கட்டாயம். ‘பி’ பட்டியல் மருந்துகள் தொடர் சிகிச்சைக்கு மட்டுமே. போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவை முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளன. இணைய வேகம் குறைந்த ஊர்களுக்கு இந்தக் காணொலி நிபந்தனையே பெரிய தடை. பாதுகாப்புக்காக வகுத்த விதி, தேவை மிகுந்தவரையே சில நேரம் வெளியே நிறுத்துகிறது.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது அரசின் இ-சஞ்சீவனி சேவை. மொஹாலியில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கிய இச்சேவை 2019 நவம்பரில் தொடங்கியது. துணை சுகாதார நிலையத்தில் உள்ள சமுதாய சுகாதார அலுவலர், நோயாளியை அருகில் அமர்த்தி, மைய மருத்துவமனை மருத்துவருடன் இணைக்கிறார். கைப்பேசி இல்லாத முதியவருக்கும் இது பயன்படும். வீட்டிலிருந்தே ஆலோசனை பெறும் வசதி 2020 ஏப்ரலில் சேர்ந்தது. 2023 பிப்ரவரியில் மொத்த ஆலோசனைகள் 10 கோடியைக் கடந்தன.

தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய தொழில் நெறி விதிமுறைகளை வெளியிட்டு, அதே மாதத்திலேயே நிறுத்தி வைத்தது. தொலைமருத்துவ விதிகளும் அவற்றில் அடங்கியிருந்ததால், 2002 விதிமுறைகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன.