படுகளம்

படுகளம் என்பது தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் உள்ள திரௌபதி அம்மன் கோயில்களின் பாரத விழாவில், பாரதப் போரின் பதினெட்டாம் நாளைத் திறந்தவெளியில் நிகழ்த்திக் காட்டும் சடங்கு நாடகம் ஆகும். துரியோதனன் வீழ்வதும் திரௌபதி கூந்தல் முடிப்பதும் இதன் மைய நிகழ்வுகள் ஆகும். திருவண்ணாமலை மாவட்டத்தின் போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி வட்டாரங்களிலும் விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி வட்டாரத்திலும் இது பரவலாக நடைபெறுகின்றது. தொழில்முறைக் கூத்தர்களும், ஊதியம் பெறாமல் நேர்த்திக்கடனாகப் பங்கேற்கும் ஊர்மக்களும் ஒரே களத்தில் பாத்திரம் ஏற்பது இதன் தனித்தன்மையாகும்.

பெயர்

'படுதல்' என்ற சொல்லுக்குப் போரில் மடிதல் என்றும் பொருள் உண்டு. எனவே வீரர்கள் மடிந்து கிடக்கும் களம் படுகளம் எனப்பட்டது. படுகளமும் தீமிதியும் இடம்பெறும் இப்பெருவிழா பல ஊர்களில் 'அக்னி வசந்த விழா' என்று அழைக்கப்படுகின்றது.

விழாவின் அமைப்பு

பாரத விழா பெரும்பாலும் கோடைக்காலத்தில், வயல் வேலைகள் குறைந்திருக்கும் மாதங்களில் நடைபெறும். விழா நாட்களின் எண்ணிக்கை ஊருக்கு ஊர் வேறுபடும். கொடியேற்றிக் காப்புக் கட்டிய பின், பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நடைபெறும். சொற்பொழிவுக்கு வில்லிபுத்தூராரின் பாரதம் அடிப்படையாக அமைகின்றது. பகலில் கேட்ட கதையை இரவில் கூத்தாகக் காண்பது வழக்கம்.

சில நிகழ்வுகள் கூத்து மேடையைவிட்டு ஊருக்குள் நகர்கின்றன. பகாசுரன் வதத்தின்போது வீமன் வேடமிட்டவர் வண்டியில் தெருத்தெருவாகச் சென்று வீடுகளில் உணவு பெறுவார். அருச்சுனன் தபசில், வேடமிட்டவர் பாடியபடியே உயரமான மரத்தின் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து எலுமிச்சம்பழம், திருநீறு முதலியவற்றைக் கூட்டத்தினரை நோக்கி வீசுவார். பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் கீழே முந்தானை ஏந்தி அவற்றைப் பெறுவர்.

களத்தில் நடைபெறுபவை

கோயிலுக்கு அருகிலுள்ள வெளியில் துரியோதனனின் பேருருவம் மல்லாந்து கிடக்கும் நிலையில் மண்ணால் அமைக்கப்பட்டு, வண்ணம் தீட்டப்படும். அதன் தொடைப்பகுதியில் குருதியைக் குறிக்கும் செந்நிற நீர் வைக்கப்படும். முந்தைய இரவு முழுவதும் பதினெட்டாம் போர்க் கூத்தை ஆடிய கலைஞர்கள் காலையில் வேடத்துடனேயே களத்திற்கு வருவர். வீமனும் துரியோதனனும் மண்ணுருவின் மீதும் அதைச் சுற்றியும் போரிடுவர். இறுதியில் வீமன் தொடையில் அடிக்க, திரௌபதி செந்நீரைக் கூந்தலில் தடவிப் பூச்சூடி முடித்துக்கொள்வாள். அவையில் இழிவுபடுத்தப்பட்ட நாளில் அவள் செய்த சபதம் இவ்வாறு நிறைவேறுகின்றது.

இதன் பின்னர் துரியோதனனின் மனைவியான பெருந்திருவாள் வேடமிட்டவர் ஒப்பாரி வைப்பார். அன்று மாலை தீமிதி நடைபெறும்.

பாத்திரம் ஏற்போர்

வீமன், துரியோதனன், திரௌபதி முதலிய பெரும் பாத்திரங்களை ஏற்பவர்கள் பயிற்சி பெற்ற தெருக்கூத்துக் கலைஞர்கள். கோயில் விழாக்குழுவினர் இவர்களை முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் செய்கின்றனர். மரபுப்படி பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்றனர்.

ஊர்மக்களின் பங்கு வேறு வகையானது. செஞ்சி வட்டாரத்தின் சில ஊர்களில், அசுவத்தாமனால் கொல்லப்பட்ட இளம்பஞ்சபாண்டவர்களைக் குறிக்கும் வகையில் ஊரைச் சேர்ந்த சிலர் களத்தில் பிணம்போல் படுப்பர். அவர்கள் துணியால் மூடப்படுவர். அம்மன் களத்தை வலம் வந்த பின் பூசாரி அவர்களை எழுப்புவார். இவர்களுக்கு வசனமோ ஒத்திகையோ கிடையாது. தீமிதிப்போர் காப்புக் கட்டிக்கொண்டு, புலாலும் மதுவும் தவிர்த்து நோன்பிருப்பர். வெளியூர்களில் பணிபுரிவோரும் இதற்காக ஊர் திரும்புகின்றனர்.

நடிப்புக்கும் வழிபாட்டுக்கும் இடையே இங்கு தெளிவான எல்லை இல்லை. கூத்தரும் ஆடும்போது ஆவேசம் கொள்வதுண்டு. துகிலுரிதல் காட்சிக்கு முன் துச்சாதனன் வேடமிட்டவர் கற்பூரம் ஏற்றி அம்மனை வணங்குவது இதனால்தான். சேலையை இழுப்பவருக்கும் அவள் தெய்வமே.

பங்கேற்கும் உரிமை

பாரத விழா ஊர்ப்பொது விழா எனப்பட்டாலும், எல்லா ஊர்களிலும் எல்லாச் சாதியினரும் ஒன்றுபோல் பங்கேற்க முடிந்ததில்லை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் 2023 ஏப்ரலில் விழாவின்போது திரௌபதி அம்மன் கோயிலுக்குள் சென்ற பட்டியல் சாதியினர் தாக்கப்பட்டனர். பேச்சுவார்த்தைகளில் உடன்பாடு ஏற்படாததால் அவ்வாண்டு சூன் மாதம் வருவாய்த்துறையினர் கோயிலுக்கு முத்திரையிட்டனர். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2024 மார்ச்சில் பூசைக்காக மட்டும் கோயில் திறக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் பட்டியல் சாதியினர் உள்ளே சென்று வழிபட்டனர். களத்தில் படுப்பதும் தீயில் இறங்குவதும் ஊரின் உறுப்பினர் என்பதற்கான அடையாளமாகவும் இருப்பதால், யார் பங்கேற்கலாம் என்பது வழிபாட்டு முறை பற்றிய கேள்வி மட்டும் அன்று.

பிற நாடுகளில்

இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில் பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாள் விழா நடைபெறுகின்றது. பாண்டவர் வனவாசமும் அருச்சுனன் தவமும் தீமிதிப்பும் அதில் இடம்பெறுகின்றன. சிங்கப்பூரில் 1827இல் நிறுவப்பட்ட சிறீ மாரியம்மன் கோயிலில், தீபாவளிக்கு முன்னர் நடைபெறும் தீமிதியை ஒட்டிப் பாரத நிகழ்வுகள் சடங்குகளாக நிகழ்த்தப்படுகின்றன.

ஆய்வுகள்

திரௌபதி வழிபாட்டைச் செஞ்சி வட்டாரத்தை மையமாகக் கொண்டு ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் இல்டபைட்டல், 1988இலும் 1991இலும் இரு தொகுதிகளை வெளியிட்டார். ரிச்சர்டு பிராசுக்கா பாரதக் கூத்தைப் பற்றி எழுதிய நூல் 1990இல் வெளிவந்தது.