கணித ஆசிரியரின் கைப்பயிற்சி: எழும்பூர், அடையாறு, மலேசியத் தமிழ்ப்பள்ளி

முன்னுரை

தொடக்கநிலைக் கணிதத்தைக் கைச்செயல்வழிக் கற்பிக்க வேண்டும் என்பதில் இன்று பெரிதும் கருத்து வேறுபாடு இல்லை. எண்ணுகுச்சிகளும் மணிகளும் பின்னப் பட்டைகளும் நம் தமிழ்ப்பள்ளிகளுக்குப் புதியனவும் அல்ல. ஆயினும், இத்தகைய பயிற்றுத் துணைப்பொருள்கள் பல வேளைகளில் அலமாரியிலேயே தங்கிவிடுவதை ஆசிரியப் பணியில் உள்ளோர் அறிவர். பொருள் பற்றாக்குறையை மட்டும் இதற்குக் காரணமாகக் கூறிவிட இயலாது. பொருளைக் கையாளும் ஆசிரியர் எவ்வாறு பயிற்றப்பட்டார் என்னும் வினா அதனினும் முதன்மையானது. இவ்வினாவை வரலாற்று நோக்கில் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சென்னையில் நிகழ்ந்த இரு கல்வி முயற்சிகளையும் மலேசியாவின் இரு கல்வி மாற்றங்களையும் இதற்குச் சான்றாகக் கொள்கிறோம்.

எழும்பூர்: ஆசிரியரைத் தவிர்த்த சீர்திருத்தம்

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். எண்சுவடியின் வாய்பாடுகளை மனனம் செய்தனர். முந்திரி, காணி, மா போன்ற கீழ்வாய் எண்களும், உழக்கு, நாழி, குறுணி போன்ற அளவைகளும் அக்கல்வியில் இடம்பெற்றன. மனனமே முதன்மை பெற்றிருப்பினும், அக்கணிதம் களத்துமேட்டிலும் கடைத்தெருவிலும் அன்றாடம் புழங்கிய அளவைகளோடு பிணைந்திருந்தது.

1789இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அனாதை இல்லத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் கண்ட மணலெழுத்து முறையைத் தம் இல்லத்திலும் புகுத்த முனைந்தார். அங்கிருந்த உதவி ஆசிரியர்கள் அதனை ஏற்கவில்லை. எனவே அவர் ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயது மாணவனிடம் அப்பணியை ஒப்படைத்தார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறை இவ்வாறு அங்கு விரிவடைந்தது. 1797இல் பெல் இதனை இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டபின், ‘மதராஸ் முறை’ என்னும் பெயரில் அது பல நாடுகளுக்கும் பரவியது.

இந்நிகழ்வில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. தயங்கிய ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் வழியை பெல் தேடவில்லை. அவர்களைக் கடந்து செல்லும் வழியையே தேடினார். சிக்கனம் கருதிய அரசினரும் சமய நிறுவனங்களும் இம்முறையை விரும்பி ஏற்றதில் வியப்பில்லை. கற்பித்தல் என்பது கட்டளையாகவும் ஒப்புவித்தலாகவும் சுருங்கியதே இதன் விளைவாகும்.

அடையாறு: ஆசிரியரின் கையிலிருந்து தொடங்கிய பயிற்சி

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், அதே சென்னையில் இதற்கு நேர்மாறான முயற்சியொன்று நிகழ்ந்தது. பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர்தம் துணைவியார் ருக்மிணி தேவியும் விடுத்த அழைப்பை ஏற்று, இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் அடையாறு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 69. அங்கு நடைபெற்ற முதற்பயிற்சியில் ஏறத்தாழ 300 பேர் பங்கேற்றனர். அம்மையார் இத்தாலிய மொழியில் உரையாற்ற, அவர்தம் மகன் மாரியோ அதனை ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மாரியோ பகைநாட்டவர் என்னும் பெயரில் சிறைவைக்கப்பட்டு, சில திங்களுக்குப் பின் விடுவிக்கப்பட்டார். போர்க்காலம் முழுவதும் அம்மையார் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. சில மாதப் பயணமாகத் தொடங்கியது ஆண்டுக்கணக்கான ஆசிரியப் பயிற்சியாக மாறியது.

மாண்டிசோரிப் பயிற்சியின் இயல்பு இங்கு விளக்கத்திற்குரியது. பொன்மணிகள் எனப்படும் கணிதப் பொருளில் ஒரு மணி ஒன்றையும், பத்து மணிகள் கோத்த கம்பி பத்தையும், பத்துக் கம்பிகள் இணைந்த சதுரம் நூறையும், பத்துச் சதுரங்கள் அடுக்கிய கனசதுரம் ஆயிரத்தையும் குறிக்கும். பயிற்சி ஆசிரியர் இதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதோடு நின்றுவிடுவதில்லை; பொருளைத் தாமே எடுத்து, எண்ணி, மாற்றி, மீண்டும் மீண்டும் பழகவேண்டும். பின்னர் ஒவ்வொரு செயலையும் படத்துடன் விவரித்துத் தமக்கெனக் கையேடொன்றை உருவாக்கவேண்டும்.

இப்பழக்கம் ஆசிரியரின் கணித அறிவையே மாற்றவல்லது என்பது எம் கருத்து. சான்றாக, 42இலிருந்து 17ஐக் கழிப்பதைக் கொள்வோம். ‘இரண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்திலிருந்து ஒன்று கடன் வாங்கு’ என்று கூறுவது நம் வகுப்பறைகளில் நெடுநாளைய வழக்கு. வாங்கிய கடன் எப்போது திருப்பிச் செலுத்தப்படும் என்று எந்த ஆசிரியரும் கூறுவதில்லை. ஒன்றைக் கடனாகப் பெற்றால் இரண்டு எவ்வாறு பன்னிரண்டாகும் என்பதும் மாணவனுக்கு விளங்குவதில்லை. மணிகளைக் கையாண்ட ஆசிரியரோ நான்கு பத்துக் கம்பிகளுள் ஒன்றைக் கொடுத்துப் பத்துத் தனிமணிகளைப் பெறுகிறார். பன்னிரண்டு மணிகளிலிருந்து ஏழு நீங்க ஐந்தும், மூன்று கம்பிகளிலிருந்து ஒன்று நீங்க இரண்டும் எஞ்சுகின்றன. விடை 25. இங்குக் கடன் இல்லை, மாற்றுதலே உண்டு. கை கற்றபின் ஆசிரியரின் சொல்லும் திருந்துகிறது.

இம்முயற்சிக்கு ஓர் எல்லையும் இருந்தது. நுட்பமாகச் செய்யப்படும் இப்பொருள்களின் விலை காரணமாக, இந்தியாவில் மாண்டிசோரிக் கல்வி பெரும்பாலும் நகர்ப்புறத் தனியார் பள்ளிகளிலேயே வேரூன்றியது. எளியோர் பயிலும் பொதுப்பள்ளி ஆசிரியர்கள் பலருக்கு இப்பயிற்சி எட்டவில்லை.

மலேசியா: இரு மாற்றங்கள், இரு பயிற்சிகள்

மலேசியாவில் 1983இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த தொடக்கப்பள்ளிப் புதிய கலைத்திட்டம், வாசித்தல், எழுதுதல், எண்ணுதல் ஆகிய அடிப்படைத் திறன்களை முன்னிறுத்தியது. குழுமுறைக் கற்றலையும் செயல்வழிக் கற்றலையும் அது வலியுறுத்தியது. முதன்மைப் பயிற்றுநர்கள் முதலில் பயிற்சி பெற்று, அவர்கள் பிறருக்குப் பயிற்றுவிக்கும் அடுக்குமுறை பின்பற்றப்பட்டது. அடுக்குமுறை பரப்பால் பெரியது. எனினும் ஒவ்வொரு படியிலும் செயல் குறைந்து விளக்கவுரை மிகும் இடர் அதற்குண்டு. மணியைத் தொட்டுக் கற்றவர் ஒருவர். அவர்தம் உரையைக் கேட்டவர் அடுத்தவர். அவ்வுரையின் நகலைப் பெற்றவர் மற்றொருவர்.

2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. ஆசிரியர்களுக்கு ஆங்கிலப் பயிற்சியும் மடிக்கணினி, ஒளிபடக்காட்டி, பாட மென்பொருள் ஆகியனவும் வழங்கப்பட்டன. பயிற்சியின் நடுப்புள்ளி கணிதச் செயலிலிருந்து பயிற்றுமொழிக்கு நகர்ந்தது. 2009 ஜூலையில் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டு, தமிழ்ப்பள்ளிகளில் கணிதம் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பியது. 2016இல் தொடங்கிய இருமொழித் திட்டத்தால் சில தமிழ்ப்பள்ளிகளில் பயிற்றுமொழி வினா மீண்டும் எழுந்தது. மொழி பற்றிய இவ்விவாதம் இன்றியமையாததே. ஆயினும், எம்மொழியில் கற்பிப்பினும் ‘கடன் வாங்கு’ என்பதையே மொழிபெயர்த்துக் கூறுவோமாயின் மாணவர் அடையும் பயன் சிறிதே.

முடிவுரை

எழும்பூரில் முறை பரவியது, ஆசிரியர் வளரவில்லை. அடையாற்றில் ஆசிரியர் வளர்ந்தனர், முறை பரவலாகவில்லை. இவ்விரண்டையும் இணைப்பதே நம்முன் உள்ள பணியாகும். இதற்கு விலையுயர்ந்த பொருள் தேவையில்லை. புளியங்கொட்டையும் ஈர்க்குச்சியும் நூலும் போதும். பணியிடைப் பயிற்சியில் விரிவுரைக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதியையேனும், ஆசிரியர் தாமே எண்ணி மாற்றிப் பார்த்து, அச்செயலுக்குரிய தமிழ்ச் சொல்லைத் தெரிந்தெடுப்பதற்கு ஒதுக்குதல் வேண்டும். கணிதக் கலைச்சொல்லாக்கத்தில் தமிழாசிரியருக்கும் இதனால் பங்கு கிட்டும். மாணவர் கைக்குப் பொருள் சென்று சேருமுன் அது ஆசிரியரின் கைவழியே சென்றிருத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.