சி மொழியும் பல இழைகளும்: விதி பிறந்த கதை

கரும்பலகையில் ஆசிரியர் எழுதிய எண்ணை மாணவன் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறான். பின்னர்ப் பலகையைப் பாராமல், குறிப்பேட்டை மட்டுமே பார்த்துக் கணக்குப் போடுகிறான். இதற்கிடையில் ஆசிரியர் பலகையில் எண்ணை மாற்றிவிட்டால் விடை பிழையாகும். குற்றம் யாருடையது? சி மொழியின் வரலாற்றிலும் இக்கேள்வி நெடுங்காலம் நீடித்தது.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கினார். நிரல் ஒரே வரிசையில் இயங்கும் என்பதே அன்றைய எண்ணம். ஆகவே, நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலர், வேகம் கருதி, நினைவகத்திலுள்ள மதிப்பைப் பதிவகத்தில் எடுத்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடரலாம்.

ஒரே நிரலில் பல இழைகள் ஒருங்கே இயங்கத் தொடங்கியபோது சிக்கல் எழுந்தது. இழைகளுக்கான போசிக்ஸ் தரம் 1995இல் வந்தது. சி மொழியின் தரமோ இழைகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஓர் இழை, 'ஆயத்தம்' என்னும் மாறியை மற்றோர் இழை மாற்றும்வரை காத்திருப்பதாகக் கொள்வோம். கம்பைலர் அம்மாறியை ஒருமுறை மட்டுமே படித்துவிட்டால், காத்திருப்பு முடிவதேயில்லை.

1989ஆம் ஆண்டுத் தரத்தில் இடம்பெற்ற 'வாலட்டைல்' என்னும் குறிச்சொல்லைப் பலர் இதற்கு மருந்தாகக் கருதினர். அது ஒவ்வொரு முறையும் நினைவகத்தைப் படிக்கச் செய்யும். ஆயினும், பிற மாறிகளின் வரிசையை அது காக்காது. இரண்டு இழைகள் ஒரே எண்ணைக் கூட்டும்போது ஒரு கூட்டல் தொலைந்துபோவதையும் தடுக்காது.

2005இல் ஹான்ஸ் போம் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இழைகளை நூலகமாக மட்டும் அமைத்தல் போதாது, மொழியே விதி வகுக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஒரு மாறியை மாற்றும்போது கம்பைலர் அருகிலுள்ள மாறியையும் சேர்த்துத் திருப்பி எழுதினால், மற்றோர் இழை அங்கு இட்ட மதிப்பு அழிந்துவிடும். நிரலர் பூட்டுகளை முறையாகப் பயன்படுத்தியிருந்தாலும் இது நேரக்கூடும்.

ஜாவா மொழி 2004இலேயே தன் நினைவக விதிகளைத் திருத்திக்கொண்டது. சி++, சி ஆகியவற்றின் தரங்கள் 2011இல் அவ்வழி வந்தன. இழைகள் பகிரும் மாறியைப் பூட்டினால் காப்பதும், அல்லது அணுநிலை மாறியாக அறிவிப்பதும் நிரலரின் கடமை. தனித்தனி மாறிகளில் இழைகள் எழுதும்போது ஒன்றையொன்று கெடுக்காமல் காப்பது கம்பைலரின் கடமை.

பலகை மாறும் என்று மாணவனுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சி மொழியில் அச்சொல் எழுத்தில் வர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.