ஸ்டீரியோ ரிசீவரின் கட்டுப்பாட்டுப் பழுதுகள்

ஸ்டீரியோ ரிசீவர் என்பது வானொலி அலைகளைப் பெறும் பகுதியும், ஒலிபெருக்கிகளை இயக்கும் மிகைப்பியும் (ஆம்ப்ளிபையர்) ஒரே பெட்டியில் அமைந்த மின்னணுக் கருவியாகும். 1970களிலும் 1980களிலும் செய்யப்பட்ட இத்தகைய கருவிகள் பல, வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் பணிபுரிந்து திரும்பியோர் வாயிலாகத் தமிழ்நாட்டு வீடுகளை வந்தடைந்தன. இக்கருவிகளில் மிகைப்பியே கெட்டுவிட்டது போலத் தோன்றும் குறைகள் பல, உண்மையில் குமிழ்களிலும் ஆளிகளிலும் உள்ள தொடுமுனைகளில் ஏற்படுபவை. கூடுவாஞ்சேரி, தாம்பரம் முதலிய சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளில் நிலவும் ஈரக்காற்றும், நெடுஞ்சாலைத் தூசும் இதற்குத் துணைசெய்கின்றன.

அமைப்பு

ஒலியளவுக் குமிழின் பின்னால் இருப்பது மாறுமின்தடை ஆகும். இதில் குதிரைலாட வடிவக் கரிப்பூச்சுத் தடம் ஒன்றும், அதன்மீது உராய்ந்து நகரும் உலோகத் தொடுவான் ஒன்றும் உள்ளன. ஸ்டீரியோ கருவியில் இடம், வலம் ஆகிய இரு தடங்களுக்கும் தனித்தனித் தொடுவான்கள் ஒரே தண்டில் பொருத்தப்பட்டிருக்கும். செவி ஒலியை மடக்கை முறையில் உணர்வதால், ஒலியளவுத் தடம் சீராகப் பூசப்படுவதில்லை. குமிழ் பாதி திரும்பிய நிலையில் மொத்தத் தடையில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு மட்டுமே கடந்திருக்கும். இரு தடங்களும் தொடக்கப் பகுதியில் முற்றிலும் ஒத்திருப்பது அரிது. ஆகவே மிகக் குறைந்த ஒலியளவில் ஒரு பக்கம் சற்று ஓங்கியிருப்பதைப் பழுதாகக் கொள்ளவேண்டியதில்லை.

ஆளிகளின் தொடுமுனைகளில் பெரும்பாலும் வெள்ளி முலாம் பூசப்பட்டிருக்கும். காற்றில் மிகச் சிறிதளவு உள்ள ஐதரசன் சல்பைடு இதனுடன் வினைபுரிந்து கரிய படலத்தை உண்டாக்குகிறது. வெள்ளிக் கொலுசு கறுப்பதும் இவ்வினையாலேயே.

பழுதை இனங்காணல்

பெட்டியைத் திறக்குமுன் முகப்பிலுள்ள 'டேப் மானிட்டர்' ஆளியைப் பார்க்கவேண்டும். அது அழுந்திய நிலையில், ஒலிநாடாக் கருவி இணைக்கப்படாதிருந்தால், வானொலி உட்பட எதுவும் கேட்காது. இவ்வொரு காரணத்துக்காகவே பழுதுபார்ப்பவரிடம் சுமந்து செல்லப்படும் கருவிகளும் உண்டு. ஒலிபெருக்கி ஆளிகளையும் அவ்வாறே சரிபார்த்தல் நன்று.

குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரப்பு எழுந்தால் குறை பெரும்பாலும் மாறுமின்தடையில் உள்ளது. எதையும் தொடாதபோதும் கரகரப்பு நீடித்தால் திரிதடையத்தையோ (டிரான்சிஸ்டர்) பற்றாசு இணைப்பையோ ஐயுறவேண்டும். ஒலியை உயர்த்தினால் மட்டும் ஒரு பக்கம் உயிர்பெறுவது பலரையும் ஏமாற்றும் அறிகுறியாகும். குமிழின் குறை போலத் தோன்றும் இது, ஒலிபெருக்கிகளைக் காக்கும் ரிலேயின் தொடுமுனைகள் கறுத்ததால் பெரும்பாலும் ஏற்படுகிறது.

துப்புரவு செய்த சில நாட்களில் அதே கரகரப்பு மீண்டால், குமிழை மாற்றுவதாலும் பயனில்லாமல் போகலாம். முந்தைய சுற்றிலுள்ள இணைப்பு மின்தேக்கி கசிந்து, நேர்மின்னோட்டம் தடத்தின் வழியே பாயக்கூடும். தடத்தின் முனைகளில் நேர்மின்னழுத்தத்தை அளந்து இதை அறியலாம். அது ஏறத்தாழச் சுழியமாக இருத்தல் வேண்டும். இந்த அளவீட்டைத் தவிர்த்துக் குமிழுக்கு மேல் குமிழாக மாற்றுவோர் பலர்.

வானொலிக் குமிழ் சுழன்றும் காட்டுமுள் நகராவிட்டால், உள்ளிருக்கும் நூல் தளர்ந்திருக்கும் அல்லது அறுந்திருக்கும். இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு 1977 சூலை 23 அன்று சென்னையில் தொடங்கியது. சென்னை நிலையங்களான 93.5, 98.3, 101.4 மெகா ஏர்ட்சு ஆகியவை கிடைக்காததெல்லாம் பழுது அன்று. சப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட பழைய கருவிகளில் பண்பலை வரிசை 76 முதல் 90 மெகா ஏர்ட்சு வரையே உண்டு. அமெரிக்காவுக்கான எண்முறைக் கருவிகள் பல 0.2 மெகா ஏர்ட்சு படிகளில் ஒற்றை எண்களில் மட்டுமே நிற்பதால், 101.4இல் துல்லியமாக நில்லாமல் 101.3 அல்லது 101.5இல் நிற்கும்.

துப்புரவு

மின்செருகியைப் பிடுங்கிய பின்னரே மூடியைத் திறக்கவேண்டும். ஆளியை அணைத்தால் மட்டும் போதாது. ஆளிவரை 230 வோல்ட்டு வந்து நிற்பதோடு, மின்வழங்கியின் பெரிய மின்தேக்கிகளிலும் மின்னேற்றம் எஞ்சியிருக்கும். தகுந்த மின்தடை ஒன்றை இணைத்து அதை இறக்கி, மின்னழுத்தமானியால் உறுதிசெய்துகொள்ள வேண்டும். திருப்புளியால் குறுக்கிணைப்பது தீப்பொறியையும் காயத்தையும் விளைவிக்கும்.

மின்தொடுமுனைகளுக்கென விற்கப்படும், மசகு கலந்த துப்புரவு நீர்மத்தை மாறுமின்தடையின் முனைகளருகே உள்ள இடைவெளி வழியே சிறிது தெளித்து, குமிழை இருபது முப்பது முறை முழுவதுமாகத் திருப்பவேண்டும். நன்கு உலர்ந்த பின்னரே மின்னிணைப்புத் தரலாம். பெட்ரோல், மண்ணெண்ணெய் ஆகியவை தீப்பற்றக்கூடியவை என்பதுடன், தண்டிலுள்ள பசையைக் கரைத்துவிடுகின்றன. உப்புத்தாள் கொண்டு கரித்தடத்தைத் தேய்த்தால் அத்தடம் அன்றே அழிந்தது எனலாம்.

வெள்ளத்தில் நனைந்த கருவிகளின் நிலை வேறு. 2015 திசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அவ்வாறு மூழ்கிய கருவியை வெயிலில் காயவைத்து உடனே இயக்கிப்பார்த்தல் கூடாது. வண்டல் மாறுமின்தடைக்குள்ளும் மின்மாற்றிச் சுருள்களுக்கிடையேயும் தங்கி ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும்.

மாற்றுறுப்புகள்

தேய்ந்த தடத்தைத் துப்புரவால் மீட்க முடியாது. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருக் கடைகளில் இரட்டை மாறுமின்தடைகள் கிடைக்கின்றன. தடையின் அளவு, தண்டின் விட்டம், நீளம், முனைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துச் செல்லாமல் பழைய உறுப்பையே எடுத்துச் செல்வது எளிது. சப்பானிய உறுப்புகளில் 'ஏ' மடக்கைத் தடத்தையும் 'பி' சீர்த்தடத்தையும் குறிக்கும். பழைய ஐரோப்பிய உறுப்புகள் சிலவற்றில் இது நேர்மாறானது. சீர்த்தடத்தை ஒலியளவுக்குப் பொருத்தினால், குமிழைச் சிறிது திருப்பியதுமே ஒலி முழங்கும்.

ஒவ்வொரு தடத்திலும் நான்காவது முனை கொண்ட உறுப்புகளும் உண்டு. குறைந்த ஒலியளவில் தாழ்சுரங்களை உயர்த்திக் காட்டும் 'லவுட்னசு' வசதிக்காக அமைந்த இவற்றுக்கு இணையானவை எளிதில் அகப்படுவதில்லை. மூன்று முனை உறுப்பைப் பொருத்தினாலும் கருவி இயங்கும். அவ்வசதி மட்டும் இராது.