புக்கர் வாஷிங்டனும் டுபோய்சும்

அடிமைத்தளையினின்றும் நீங்கிய ஓரினத்தார் முதற்கண் நாடவேண்டியது கைத்தொழிலோ, வாக்குரிமையோ? அமெரிக்கத் தென்மாநிலங்களிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த இவ்வினாவுக்கு இருபெருந் தலைவர்கள் இருவேறு விடை பகர்ந்தனர். ஒருவர் புக்கர் வாஷிங்டன், மற்றவர் டுபோய்ஸ். வினா எழுந்த சூழலை முதலில் நோக்குதல் வேண்டும். உள்நாட்டுப் போர் முடிந்த 1865 ஆம் ஆண்டில் அடிமைமுறை ஒழிந்தது. 1870 இல் கறுப்பின ஆடவருக்கு வாக்குரிமையும் சட்டத்தால் வழங்கப்பட்டது. எனினும், 1877 இல் மத்திய அரசின் படைகள் தெற்கினின்றும் விலகியபின், வழங்கிய உரிமை படிப்படியாகப் பறிபோயிற்று. இலூசியானா மாநிலத்தில் 1896 இல் பதிவுபெற்றிருந்த கறுப்பின வாக்காளர் 130,000 இற்கு மேற்பட்டோர். எழுத்தறிவையும் சொத்தையும் நிபந்தனையாக்கிய 1898 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பின்னர், 1900 இல் எஞ்சியோர் ஏறத்தாழ 5,300 பேரே.

வாஷிங்டன் 1856 இல் வேர்ஜீனியாவில் அடிமைத் தாயின் மகனாய்ப் பிறந்தவர். 1881 இல் அலபாமாவின் தஸ்கீகி என்னும் ஊரில் அவர் பொறுப்பேற்று நடத்தத் தொடங்கிய கல்விக்கூடம், மாணவர் தம் கையால் எழுப்பிய கட்டடங்களில் வளர்ந்தது. செங்கல் சுடும் முயற்சியில் மூன்று சூளைகள் பயனின்றிக் கெட்டன. கைப்பொருள் தீர்ந்தபோது தம் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காம் சூளையை மூட்டினார். அது கைகூடிற்று. அயலிலிருந்த வெள்ளையரும் அச்செங்கல்லை வாங்க வந்தனர். அவரது கொள்கை முழுவதும் அச்சூளையிலே பிறந்தது எனலாம். பிறர்க்குப் பயன்படும் பொருளைச் செய்வோனை எவரும் நெடுங்காலம் இகழார் என்பதே அக்கொள்கை. 1895 செப்டெம்பரில் அத்திலாந்தாக் கண்காட்சியில் ஆற்றிய உரையில், சமத்துவத்துக்காகக் கிளர்ச்சி செய்வதைப் பின்னே வைத்து, உழைப்பையும் பொருளீட்டலையும் முன்னே வைத்தார். வெள்ளையர் மகிழ்ந்து ஆரவாரித்தனர்.

டுபோய்சின் பிறப்பும் வளர்ப்பும் வேறு. 1868 இல் வடக்கே மசச்சூசெற்ஸ் மாநிலத்திற் பிறந்த அவர், 1895 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர். ஆயினும், பிறப்பு வேறுபாடே கொள்கை வேறுபாட்டுக்குக் காரணம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. அத்திலாந்தா உரையைக் கேள்வியுற்று வாஷிங்டனுக்குப் பாராட்டுச் செய்தி அனுப்பியவர்களுள் அவரும் ஒருவரன்றோ! அவரை மாற்றியவற்றுள் தலையாயது 1899 ஆம் ஆண்டு நிகழ்ச்சி. ஜோர்ஜியாவில் சாம் ஹோஸ் என்னும் கறுப்பினத் தொழிலாளியை ஒரு கும்பல் உயிரோடு எரித்தது. நியாயத்தை எடுத்துரைக்கும் கடிதமொன்றுடன் பத்திரிகை அலுவலகம் நோக்கிச் சென்ற டுபோய்ஸ், இறந்தவனின் விரற்கணுக்கள் கடையொன்றிற் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதை வழியிலே கேள்வியுற்றுத் திரும்பிவிட்டார். ஆராய்ச்சியாளனாக மட்டும் ஒதுங்கியிருத்தல் இனி இயலாதென அன்று உணர்ந்ததாகப் பின்னாளில் எழுதினார். 1903 இல் வெளிவந்த நூலில் வாஷிங்டனின் நெறியை வெளிப்படையாக மறுத்தார். வாக்கில்லாதவன் ஈட்டிய பொருளைக் காப்பவர் யார் என்பதே அம்மறுப்பின் உட்கிடை. 1905 இல் நயாகரா இயக்கமும், 1909 இல் கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கமும் தோன்றின.

வாஷிங்டனை அஞ்சி அடங்கியவர் என இகழ்வோர் உளர். அது முழுவுண்மையன்று. அலபாமாவில் வாக்குரிமை மறுப்பை எதிர்த்து எழுந்து, 1903 இல் உச்ச நீதிமன்றத்தில் தோல்வியுற்ற வழக்குக்கு மறைவாகப் பணம் உதவியவர் அவரே. 1915 இல் அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின்னரே, அவருடைய கடிதங்களால் இது நன்கு விளங்கிற்று. அதே மறைவுக் கையால் நயாகரா இயக்கத்துள் ஒற்றரைப் புகுத்தினார் என்பதும் உண்மையே. எம் கருத்தில், மறைவில் அளித்த பணத்தினும் மேடையிற் சொன்ன சொல்லே வலிமை மிக்கதாயிற்று. கறுப்பினத் தலைவரே பிரிவினைக்கு இசைந்தார் என்று பிறர் கூற அச்சொல் இடமளித்தது. பணத்தையோ உலகம் அறியவில்லை.

டுபோய்சிடமும் குறை இல்லாமலில்லை. பத்திலொரு பங்கினரான கற்றோரே இனத்தை உயர்த்துவர் என்று அவர் நம்பிய காலத்தில், பருத்தி வயலிற் கடன்பட்டு உழைத்த குடியானவனுக்கு அக்கொள்கையில் உரிய இடம் சிறிதே. 1929 இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் அவர் சிந்தனையைத் திருப்பிற்று. கறுப்பின மக்கள் தனித்து நின்றேனும் தமக்குள்ளே கூட்டுறவுகளை அமைத்துப் பொருள்வலி தேடல் வேண்டும் என்று 1934 இல் எழுதினார். முன்னர் தாம் மறுத்த வாஷிங்டனின் குரலோடு இது எத்துணை நெருங்கியது! பிரிவினையை எவ்வகையிலும் ஏலாத சங்கத்தார் அதனைப் பொறுத்திலர். தாம் நிறுவத் துணைநின்ற சங்கத்தையும், 24 ஆண்டுகள் ஆசிரியராயிருந்து நடத்திய கிரைசிஸ் இதழையும் விட்டு அவர் அவ்வாண்டே விலகினார்.