பொதுக் களஞ்சியத்தில் இட்ட பொருள்

கணினி மென்பொருளின் வரலாற்றைப் பெருநிறுவனங்களின் வரலாறாகவே வாசித்துப் பழகிவிட்டோம். ஊதியம் கருதாது நிரல் எழுதிப் பொதுவில் வைத்தவர்களின் வரலாறும் அதற்கு இணையாகவே நிகழ்ந்திருக்கிறது. அதில் முதன்மையான அத்தியாயம் பெர்ல் மொழியின் களஞ்சியம்.

மொழியியல் பயின்றவரான லாரி வால் 1987-இல் பெர்லை வெளியிட்டார். 1994-இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு, பிறர் எழுதும் நிரல்தொகுதிகளை மொழியோடு எளிதில் இணைத்துக்கொள்ள வழி செய்தது. ஆனால் அவை வெவ்வேறு வழங்கிகளில் சிதறிக் கிடந்தன. டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளின் பயனர்கள் 1992 முதலே தமக்கெனப் பொதுக் காப்பகம் ஒன்றை உருவாக்கி வந்தனர். அதை முன்மாதிரியாகக் கொண்டு 1995-இல் யார்க்கோ ஹியெட்டானியெமி, பின்லாந்துப் பல்கலைக்கழக வலையமைப்பின் வழங்கியில் 'சீபேன்' காப்பகத்தை நிறுவினார். பல நாடுகளின் வழங்கிகள் அதன் முழுப் பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொண்டன.

அங்கே சேர்ந்தவற்றுள் எல்.டபிள்யூ.பி. குறிப்பிடத்தக்கது. வலைத்தள வழங்கியிடம் பக்கத்தைக் கேட்டு, மறுமொழியைப் பெற்றுத் தரும் கிளையன்ட் நிரல்தொகுதி அது. பெர்லின் நான்காம் பதிப்புக்காக ராய் ஃபீல்டிங் பேணி வந்த தொகுதியின் வழித்தோன்றல். ஐந்தாம் பதிப்புக்காக கிஸ்லே ஆஸ், மார்ட்டைன் கோஸ்டர் இருவரும் அதை உருவாக்கினர். பின்னர் அது வேறு பலரின் பொறுப்புக்கு மாறியது. எழுதியவர் விலகிய பின்னும் ஒரு நிரல் பிழைத்திருப்பது தற்செயல் அன்று. அதற்கு விதிமுறைகள் தேவைப்பட்டன.

ஆந்திரேயாஸ் கோனிக் உருவாக்கிய பதிவேற்ற முறை அவ்விதிமுறைகளைத் தந்தது. ஒரு பெயரை முதலில் பதிபவருக்கே அதன் உரிமை. அவர் விரும்பினால் இணைப் பராமரிப்பாளரை நியமிக்கலாம். 1998-இல் தன்னார்வலர்கள், ஒவ்வொரு புதிய தொகுதியையும் பல்வகைக் கணினிகளில் இயக்கிப் பார்த்து அறிக்கை அனுப்பத் தொடங்கினர். எழுதியவர் நீக்கிய பழைய பதிப்புகளையும் 'பேக்பேன்' என்ற துணைக் காப்பகம் பாதுகாத்து வந்தது.

இவற்றின் அருமை 2016 மார்ச்சில் புலப்பட்டது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் என்பிஎம் களஞ்சியத்தில் ஒருவர் இட்டிருந்த தொகுதியின் பெயருக்கு நிறுவனம் ஒன்று உரிமை கோரியது. களஞ்சிய நிர்வாகம் பெயரை நிறுவனத்துக்கே அளித்தது. மனம் கசந்த அவர் தம் படைப்புகள் அனைத்தையும் நீக்கிவிட்டார். அவற்றுள் 'லெப்ட்-பேட்' வெறும் பதினோரு வரி. ஒரு சொல்லின் இடப்பக்கத்தை வேண்டிய நீளத்துக்கு நிரப்புவதைத் தவிர வேறெதுவும் செய்யாது. ஆயினும் அதைச் சார்ந்திருந்த ஆயிரக்கணக்கான திட்டங்கள் முடங்கின. சில மணி நேரத்தில் நிர்வாகமே அதை மீட்டு வைத்தது. பின்னர் நீக்கும் உரிமையையும் கட்டுப்படுத்தியது.

கொடுத்தவரைக் கேளாமல் பெயர் பறிக்கப்பட்டது. பயன்படுத்தியவர்களைக் கேளாமல் பொருள் திரும்பப் பெறப்பட்டது. இரண்டும் ஒரே குறையிலிருந்து எழுந்தவை. பொதுவில் வைத்த பொருளில் கொடுத்தவருக்கு எஞ்சும் உரிமை எது, பெற்றவருக்குச் சேரும் உரிமை எது என்பதைத் தகராறு வருமுன் யாரேனும் எழுதி வைத்திருக்க வேண்டும். சீபேனின் தன்னார்வலர்கள் அந்தச் சலிப்பூட்டும் வேலையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பெருமளவு செய்து வைத்திருந்தனர்.